பனியனுக்கு வரி போடுவது யார்?



"பங்களாதேஷ் பனியன் வந்து நம்ம பொழப்பைக் கெடுக்குதுடா. கவர்மெண்ட் நினைச்சா நாளைக்கே வரி போட்டுத் தடுக்கலாமே!" விடுதியில் திருப்பூர் நண்பன் ஒருவன் இப்படிப் பொரிந்து தள்ளினான். நியாயமான கோபந்தானுங்க. ஆனால் நினைத்தவுடன் வரி போட முடியுமா?

தெற்காசிய நாடுகள் 2004-ல் கையெழுத்திட்ட 'சாப்டா' என்னும் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2006-ல் நடைமுறைக்கு வந்தது. 2011 செப்டம்பரில் டாக்கா சென்ற பிரதமர் மன்மோகன் சிங், பங்களாதேஷின் 46 ஜவுளி இனங்களுக்குச் சுங்க வரி கிடையாது என்று அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில், வளர்ச்சி குறைந்த அண்டை நாடுகளுக்கு வரிச்சலுகை தராத பொருட்களின் பட்டியல் 480-லிருந்து 25 ஆகச் சுருங்கியது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே! வரி என்ற ஆயுதம் உறைக்குள் போய்விட்டது.

அதற்காக அரசாங்கத்தின் கை முழுசாகக் கட்டப்பட்டுவிட்டதா? அதுவும் இல்லை. 2025 ஏப்ரலில், இந்திய நூல் தரைவழியாக வருவதை பங்களாதேஷ் நிறுத்தியது. மே மாதம், அவர்களது ஆயத்த ஆடைகள் கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றது இந்தியா. வரியைத் தொடவில்லை, வாசலை மாற்றினார்கள். இதில் ஒரு வேடிக்கை: நூல் விற்கிறவரும் நம்ம ஆள்தான், பனியன் தைக்கிறவரும் நம்ம ஆள்தான்!

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜெர்மனியோ பிரான்சோ தனியாக இறக்குமதி வரியை நிர்ணயிக்கவே முடியாது. நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. 2019 நவம்பர் 4-ல் பாங்காக்கில், 'ஆர்செப்' ஒப்பந்தம் வேண்டாம் என்று விலகி வந்தோமே! ஆக, கையெழுத்துப் போடும் வரை அதிகாரம் நம்மிடந்தான் இருக்கிறது.

'நம்மிடம்' என்றால் யாரிடம்? அங்கேதான் சிக்கல். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட நம் நாட்டில் நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. மந்திரிசபை முடிவு செய்தால் போதும். வெளிநாட்டுக்காரன் நம் அதிகாரத்தைப் பறித்துவிட்டான் என்கிறோம். உண்மையில் அது மக்கள் மன்றத்தைத் தாண்டி ஒரு மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டது!

ஒப்பந்தமே கூடாது என்பது என் வாதமல்ல. நூல் விற்க நமக்கும் சந்தை வேணும். ஆனால் கையெழுத்துக்கு முன்பே நாடாளுமன்றத்தில் விவாதம் நடக்க வேண்டும். கோவை, திருப்பூர் தொழிலாளியையும் முதலாளியையும் கேட்க வேண்டும். டிப்ளமோவை முடித்துவிட்டு நாளை மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகப் போவது நாம்தானே?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? சிந்திப்போம் நண்பர்களே!