கடைசியில் வருபவர்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தனர். பழகிய பெண்களே பழகாதவர்களுக்குக் கற்பித்தார்கள். அந்தப் பொறுமை இன்று திருப்பூரில் நம் பிள்ளைகளுக்கும் தேவை.

காலை வேளையில் அவினாசி சாலையின் நெரிசலை நீங்கள் அறிவீர்கள். பனியன் கம்பெனி வேன்களுக்கு நடுவே, பிளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிளில் மாணவியர் ஐந்தாறு பேர் சேர்ந்து செல்கின்றனர். ஒருத்தி சென்ற மாதம்தான் கற்றவள். பின்தங்கியவள், தோழியரை எட்டிப்பிடிக்கும் பதற்றத்தில் நடுச்சாலைக்கு வந்துவிடுகிறாள். ஆபத்து அங்கேதான்.

ஆகவே முன்னே செல்பவள் அவளுடைய வேகத்திலேயே செல்லட்டும். நன்கு பழகியவள் கடைசியில் வரட்டும். பயணங்களில் நபி (ஸல்) அவர்கள் பின்னால் வந்து, நலிந்தவர்களுக்குத் துணை செய்து, தம் வாகனத்தில் ஏற்றிக்கொள்வார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் உள்ளது.

பேச்சு சுவாரஸ்யத்தில் பக்கம் பக்கமாகச் செல்லாமல், இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகச் செல்ல வேண்டும். பள்ளம் கண்டவர் குரல் கொடுக்க வேண்டும். சிக்னலில் பிரிய நேர்ந்தால், கடந்தவர்கள் சாலையோரம் நின்று காத்திருக்க வேண்டும். அதற்காகப் பத்து நிமிடம் முன்னதாக அனுப்புவது பெற்றோரின் வேலை.