பேடு போச்சா? பதறாதீங்க பாஸ்!

ஊருக்கெல்லாம் கரன்ட் கொடுக்கிற ஊர் நம்ம நெய்வேலி. 1962-ல ஓட ஆரம்பிச்ச முதல் அனல் மின் நிலையம் 2020-ல ஓய்வு வாங்கிடுச்சு. அப்படிப்பட்ட டவுன்ஷிப்ல வளர்ந்த, இ.சி.இ ரெண்டாம் வருஷம் படிச்ச எனக்கு ஒழுங்கா ஈயம் பத்த வைக்கத் தெரியலைன்னா நம்புவீங்களா?

2006 செப்டம்பர் 15-ல தமிழக அரசு இலவச கலர் டி.வி. திட்டத்தை ஆரம்பிச்சுதே, ஞாபகம் இருக்கா? 14 இன்ச். எங்க குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊத்துற மந்தாரக்குப்பம் பாட்டிக்கும் ஒண்ணு கிடைச்சுது. சில வருஷம் ஓடினப்புறம், படம் போகும். தலையில ஒரு தட்டு தட்டினா வரும். "இன்ஜினீயரிங் படிக்கிற புள்ளதானே, பாரு தம்பி"ன்னாங்க பாட்டி. நானும் கெத்தா திறந்துட்டேன்.

வியாதி சிம்பிள். எல்.ஓ.டி. காலைச் சுத்தி மோதிரம் மாதிரி விரிசல். டிரை சோல்டர்! டி.வி. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, ஈயம் சோர்ந்து போயிருக்கு. நான் என்ன பண்ணேன்? 60 வாட் அயனை வெச்சு அழுத்திட்டே இருந்தேன். ஈயத்தோட தாமிரப் பேடும் உரிஞ்சு வந்துடுச்சு! அந்தத் தாமிரம் வெறும் 35 மைக்ரான், தலைமுடியில பாதி தடிமன். பசையில ஒட்டியிருக்கிறதால அதிக சூடு ஆகாது. 183 டிகிரியிலேயே ஈயம் உருகிடும். ரெண்டு மூணு செகண்ட் போதும்.

"போர்டே போச்சு பாட்டி, புதுசு வாங்கணும்"னு சொல்லிட்டேன். நான்தான் கெடுத்தேன்னு சொல்லலை. "விதி"ன்னு சொல்லிட்டு அவங்க பால் கேனைத் தூக்கிட்டுப் போனாங்க. ராத்திரி தூக்கமே வரலை.

மறுநாள் போர்டை ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டுபோய் உண்மையைக் கக்கினேன். சிரிச்சார். "பேடுதானே போச்சு, டிராக் இருக்குல்ல?"

அவர் செஞ்சது இதுதான். நோட் பண்ணிக்கோங்க:

பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டரை ஒரு பல்பு வழியா டிஸ்சார்ஜ் பண்ணார். அதுல சுமார் 300 வோல்ட் நிக்கும். பிக்சர் டியூப்ல அதைவிடப் பல மடங்கு. அனுபவம் இல்லாம கை வைக்காதீங்க!

உரிஞ்ச தாமிரத்தை இழுக்காம, பிளேடால வெட்டினார். கருகின இடத்தைச் சுரண்டினார். கரி கரன்ட் கடத்துமாம்! அப்புறம் டிராக் மேல இருக்கிற பச்சைப் பூச்சை அரை சென்டிமீட்டர் சுரண்டி, தாமிரம் பளபளன்னு தெரிஞ்சதும் பேஸ்ட் தடவி, லேசா ஈயம் பூசினார். வெட்டிப் போட்ட ரெசிஸ்டர் கால் ஒண்ணை எடுத்து, ஒரு முனையை எல்.ஓ.டி. காலைச் சுத்தி வளைச்சு, மறுமுனையை டிராக் மேல படுக்க வெச்சு ரெண்டையும் பத்த வெச்சார். இதுதான் ஜம்பர். மல்டிமீட்டர் 'பீப்'னுச்சு. பக்கத்து டிராக்கோட ஒட்டலையேன்னும் செக் பண்ணார்.

கடைசியா 100 வாட் பல்பை சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணார். பளிச்னு எரிஞ்சு மங்கினா ஓகே. விடாம எரிஞ்சா எங்கேயோ ஷார்ட். மங்குச்சு!

பாட்டி வீட்டுல டி.வி.-யை வெச்சுட்டு, "நான்தான் கெடுத்தேன் பாட்டி"ன்னேன். "அதான் சரி பண்ணிட்டியே"ன்னு ஒரு டம்ளர் பால் நீட்டினாங்க.

இன்னிக்கு எல்.இ.டி. டி.வி. வந்தாச்சு. பவர் போர்டுல பேடு உரிஞ்சா இன்னும் அதே வைத்தியம்தான். லேப்ல போர்டைச் சுட்டுட்டா ஒளிச்சு வைக்காதீங்க மக்களே. தெரிஞ்சவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. உரிஞ்ச பேடுக்கு ஜம்பர் இருக்கு. சொன்ன பொய்க்கு... நாமதான் போய்ப் பத்த வைக்கணும்!