ஸ்டெப் எடுப்பதும் படி ஏறுவதும்

சென்ற கிருத்திகையன்று அன்பர் ஒருவரோடு திருத்தணிகை மலைக்குப் படியேறினேன். பாகப்பிரிவினையால் அவருக்கும் தம்பிக்கும் மூன்றாண்டுகளாகப் பேச்சில்லை. "பெரியவர்கள் சொல்லியும் அவன் கேட்கவில்லை. இனி சட்டப்படி ஸ்டெப் எடுக்க வேண்டியதுதான்" என்று அடிவாரத்திலேயே குமுறினார்.

அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லைப் பற்றியே என் சிந்தை சென்றது. நடக்கையில் எடுத்து வைக்கும் அடி 'ஸ்டெப்'. ஏறும் படியும் அதுவே. ஒரு செயலின் கட்டத்தையும், வழக்குத் தொடுப்பது போன்ற நடவடிக்கையையும் அச்சொல்லே குறிக்கும். மாற்றாந்தாயைச் சுட்டும் 'ஸ்டெப் மதர்' மட்டும் வேறு வேரினது. இழப்பு என்னும் பழம்பொருளில் பிறந்தது.

நம் 'படி'யும் பொருள்வளத்தில் குறைந்ததன்று. நூலைப் படிக்கிறோம், அரிசியைப் படியால் அளக்கிறோம், கலங்கிய நீரில் வண்டல் படிகிறது, பெரியோர் சொற்படி நடக்கிறோம்.

இம்மலையின் 365 படிகளும் ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்காரத் துரைமாரைக் காணச் சென்ற மக்களைத் தணிகைத் துரையாகிய முருகனிடம் திருப்ப எண்ணினார் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1917 டிசம்பர் 31-இல் திருப்படித் திருவிழாவைத் தொடங்கினார். படிதோறும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் ஓதுவது அதன் மரபு. அங்கே படியில் நின்று படிக்கிறார்கள். படிக்கப் படிக்க மனத்தின் கலக்கமும் அடியில் படிகிறது.

சூரபதுமனோடு பொருத சினம் தணிந்து பெருமான் அமர்ந்த தலம் ஆதலின் இது தணிகை ஆயிற்று. கந்தசஷ்டியில் பிற தலங்களில் சூரசம்ஹாரம் நிகழ, இங்கோ புஷ்பாஞ்சலி நடைபெறுகிறது. வென்றவனே சினத்தை விட்டொழித்த மலையில் நாம் அதைச் சுமந்துகொண்டு ஏறலாமா?

இதனை நான் அன்பரிடம் கூறவில்லை. பாதி மலையில் அவரே நின்றார். "சிறுவயதில் தம்பியை இந்தப் படிகளில்தான் தோளில் தூக்கி வந்தேன்" என்றார். பிறகு மலை உச்சி வரையில் அவர் பேசவில்லை.

தரிசனம் முடிந்து இறங்குகையில் கைப்பேசியை எடுத்தார். "ஆண்டு முடிவில் படித் திருவிழாவுக்கு நீயும் வாப்பா" என்று மட்டும் சொன்னார். பாகம் இன்னும் பிரியவில்லை. ஆனால் பேச்சு தொடங்கிவிட்டது. வழக்கறிஞரை நாடும் முன் எடுக்கத்தக்க ஸ்டெப் அதுதானே? தணிகை வேலவன் துணைநிற்பானாக.