காஞ்சியை நடந்து பார்க்க விடுங்கள்

காஞ்சிபுரத்துக்கு வரும் சுற்றுலா வேன்களின் கணக்கு எளிது. ஏகாம்பரநாதர், காமாட்சி, கைலாசநாதர், வரதராஜர்; நடுவே ஒரு பட்டுப்புடவைக் கடை. பிற்பகலில் வண்டி சென்னைக்குத் திரும்பிவிடும். பல நாள் கோயிலைவிடப் புடவைக் கடைக்கே கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏற்பாடே அப்படி.

இந்தக் கோயில்களுக்கு நடுவில் இருக்கும் ஊரை யார் பார்க்கிறார்கள்? 8ஆம் நூற்றாண்டுக் கைலாசநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே பிள்ளையார்பாளையம். காலையில் போனால் தெருவிலேயே பாவு நீட்டிச் சரிசெய்வதைப் பார்க்கலாம், வீட்டுக்குள்ளிருந்து வரும் தறிச் சத்தத்தையும் கேட்கலாம். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சின்ன காஞ்சிபுரம் சுமார் 4 கிலோமீட்டர்தான். அங்கே அண்ணா வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் வயிற்றுக்கும் வேலை உண்டு. வரதராஜர் கோயிலில் நைவேத்தியமாகும் குடலை இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைப்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். உருளையாக வெந்து வருவதைத் துண்டு போட்டால் இலை வாசமும் சுக்குக் காரமும் சேர்ந்தே வரும். ஓட்டல்களில் அதே பெயரில் டம்ளரில் ஊற்றி எடுப்பது வேறு பலகாரம்.

நடந்துகொண்டே ஊர் பார்ப்பதும் இடையிடையே நின்று சாப்பிடுவதும் வெளிநாட்டு நாகரிகம் என்று நினைப்பவர்கள் சித்ரா பௌர்ணமிக்கு வந்து பார்க்கலாம். வரதரே செவிலிமேடு, தூசி போன்ற ஊர்கள் வழியாக ஐயங்கார்குளத்துக்குப் புறப்படுகிறார். ஊருக்கு ஊர் மண்டகப்படி, வழியெல்லாம் மோரும் பானகமும் பிரசாதமும். ஐயங்கார்குளத்தில் சஞ்சீவிராயர் கோயிலும், விஜயநகர காலத்தில் லட்சுமிகுமார தாதாச்சாரியார் வெட்டிய பெரிய ஏரியும் உள்ளன. அருகே நடவாவிக் கிணறு. படியிறங்கினால் தரைக்கடியில் கிணற்றைச் சுற்றிக் கல்மண்டபம். வழக்கமாகத் தண்ணீருக்குள் கிடக்கும் அதைத் திருவிழாவுக்காக இறைத்து வெளிக்கொணர்கிறார்கள். வரதர் இறங்கிக் கிணற்றை வலம்வந்து, பிறகு பாலாற்றுக்குப் போகிறார்.

அந்த ஒரு நாள் கூட்டம் கலைந்ததும் ஐயங்கார்குளத்தை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சென்னையில் 2004இல் தொடங்கிய மெட்ராஸ் தினக் கொண்டாட்டம், மயிலாப்பூர் தெருக்களை நடந்து பார்க்கும் பழக்கத்தைப் பலருக்கு ஏற்படுத்தியது. பாண்டி பஜாரில் 2019இல் நடப்பவர்களுக்கென்றே அகலமான நடைபாதை வந்தது. 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்துக்கு அவ்வளவு செலவுகூட வேண்டாம். ராஜ வீதிகளில் கடைச் சாமான்களும் இருசக்கர வாகனங்களும் பிடித்திருக்கும் ஓரங்களை மீட்க வேண்டும். கழிப்பறையும் தெருப்பெயர்ப் பலகைகளும் வேண்டும். ‘உணவுத் திருவிழா’ என்று மைதானத்தில் பந்தல் போடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் சின்னக் கடைகளை வரைபடத்தில் குறித்தால் போதும். ஐயங்கார்குளம் நடக்கத் தூரம், அதற்கு ஞாயிறுதோறும் ஒரு சிற்றுந்து விடலாம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். அதனால் காலை 6 மணிக்குப் பிள்ளையார்பாளையத்தில் கிளம்பி, வெயில் ஏறுமுன் சின்ன காஞ்சிபுரத்தில் இட்லிக்கு உட்கார்ந்துவிட வேண்டும்.