பார்க்க வருவோரும் படிக்க வருவோரும்

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் பரவியுள்ளது. மாணவர்கள் சில வாரங்களுக்கு வேறொரு நாட்டிற்குச் செல்கின்றனர். அங்குள்ள சிறு வியாபாரிகளுக்கும் குடிசைக் கைத்தொழில் செய்வோருக்கும் உதவி செய்து, அந்த அனுபவத்தைத் தமது படிப்பின் ஒரு பகுதியாக்கிக் கொள்கின்றனர். எமது பகுதிக்கும் இத்தகைய இளைஞர் வருகின்றனர். கனடாவிலும் இங்கிலாந்திலும் பிறந்து வளர்ந்த எம்மவரின் பிள்ளைகளும் அவர்களுள் உள்ளனர். அவர்களை நாம் அன்போடு வரவேற்கிறோம். ஆயினும், இந்த வருகையால் யாருக்கு நன்மை என்ற கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும்.

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் செம்மண் தோட்டங்களையும் கிணறுகளையும் விட்டுவிட்டு வந்தன. சில காணிகள் விடுவிக்கப்பட்டுள்ளன; சில இன்னமும் விடுவிக்கப்படவில்லை. வெங்காயமும் புகையிலையும் விளைவித்த கைகள் மருதனார்மடம் சந்தையின் ஓரத்தில் மரக்கறி விற்கின்றன. வீட்டு முற்றத்தில் மிளகாய்த்தூள் இடிக்கின்றன. பனையோலையில் கடகம் இழைக்கின்றன. எமது மக்கள் ஆசைப்பட்டு வியாபாரிகள் ஆகவில்லை. காணி போனதால் ஆனார்கள். உதவ வருகின்றவர் முதலில் அறியவேண்டியது இதனையே.

நாம் கண்ட இரு வருகைகளைச் சொல்கிறோம். முதலாவது குழுவினர் மாவும் தூளும் விற்கும் ஓர் அம்மாவின் வீட்டிற்கு வந்தார்கள். ஆங்கிலத்தில் அழகான பெயர்ப்பலகை ஒன்றை எழுதி மாட்டினார்கள்; படம் எடுத்தார்கள்; போய்விட்டார்கள். அந்த அம்மாவிடம் வாங்குவோர் அனைவரும் அதே ஒழுங்கையில் இருப்பவர்கள். பலகையை வாசித்து வாங்க வந்தவர் எவருமில்லை.

அடுத்த ஆண்டு வந்த மாணவி ஒருத்தி தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள். அவள் பத்து நாட்கள் அதே முற்றத்தில் இருந்து, செத்தல் மிளகாய், மல்லி, விறகு, பை, பேருந்துக் கட்டணம் என அனைத்தையும் ஒரு கொப்பியில் எழுதினாள். பின்னர், "அம்மா, உங்கட கூலி எவ்வளவு?" என்று கேட்டாள். "என்ரை கூலியை நான் ஒருநாளும் எழுதேல்லை, பிள்ளை" என்றார் அந்த அம்மா. கூட்டிப் பார்த்தபோது, அதிகம் விற்ற மிளகாய்த்தூளில் அவருக்கு எதுவுமே மிஞ்சவில்லை என்பது தெரிந்தது. விலையை மாற்றினார். கொப்பி இன்றும் அவரிடமே இருக்கிறது, அவரே எழுதுகிறார்.

இது புதிய வழியன்று. பங்களாதேசத்தில் 1974 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பின்னர், சிட்டகொங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் தமது மாணவர்களை அருகிலிருந்த யோப்ரா கிராமத்திற்கு அழைத்துச் சென்றார். மூங்கில் முக்காலி செய்யும் பெண்ணொருத்தி மூங்கில் வாங்க வியாபாரியிடம் ஐந்து தாக்கா கடன் பெற்று, முக்காலியை அவரிடமே விற்று, ஐம்பது சதம் அளவில் இலாபம் பெற்று வந்ததைக் கண்டார்கள். 1976 இல் வீடுவீடாகச் சென்று பட்டியல் எழுதியபோது, இத்தகைய 42 பேரின் மொத்தக் கடன் 856 தாக்கா மட்டுமே எனத் தெரிந்தது. அந்தப் பட்டியலிலிருந்தே பின்னர் கிராமீன் வங்கி பிறந்தது. 2006 இல் அதற்கும் யூனுசுக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. வெளிநாட்டு மாணவர்கள் அங்கு போய், கிராமப் பெண்களின் கூட்டங்களில் அமர்ந்து பாடம் கற்கின்றனர்.

அங்கே முதலில் பட்டியல், பின்னரே கடன். எமது மண்ணில் நடந்தது தலைகீழ். போர் முடிந்த 2009 இன் பின்னர் வாசல்தோறும் கடன் வந்தது. பட்டியலை எவரும் எழுதவில்லை. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்கிய தாய்மார் எத்தனை பேர்! 2018 ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆகவே, "கடையைப் பெருப்பியுங்கள், கடன் எடுங்கள்" என்று பத்து நாள் விருந்தினர் சொல்வது விளையாட்டன்று. அவர் விமானம் ஏறிவிடுவார். தவணை கட்டவேண்டியவர் இங்கேயே இருப்பார்.

எனவே, வருகின்ற மாணவரிடமும் அவர்களை அழைத்து வருவோரிடமும் நாம் கேட்பவை இவை:

முதலாவது, உதவுமுன் கற்றுக்கொள்ளுங்கள். முதல் வாரம் கணக்கு எழுதுவதற்கே.

இரண்டாவது, உள்ளூர் மாணவர் ஒருவரோடு சோடியாக வாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் பயிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் போனபின் கொப்பியைப் பார்க்க அவர்கள் இருப்பார்கள்.

மூன்றாவது, எம்மவர் கூலிக்குச் செய்யக்கூடிய வேலையை நீங்கள் இலவசமாகச் செய்யாதீர்கள். நீங்கள் சுவருக்கு வர்ணம் பூசும் நாளில் எமது தொழிலாளி வேலையின்றி இருக்கிறார்.

நான்காவது, எழுதியவை அனைத்தையும் தமிழில் எழுதி உரியவரிடமே விட்டுச் செல்லுங்கள்.

எழுதுவதற்கு விடயமா இல்லை? யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ "கழிவு" எடுக்கப்படுவதாக விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். ஒரு மாதம் நாள்தோறும் நிறுத்து எழுதினால், அந்த முறைப்பாடு கணக்காகிவிடும். கணக்கைத் தட்டிக்கழிப்பது எவருக்கும் கடினம்.

வாசகர்களாகிய உங்களுக்கும் ஒரு வார்த்தை. விருந்தினர் வந்தால் தேநீர் கொடுப்பது எமது பண்பு, அதை விடவேண்டாம். ஆனால் கைகட்டி நிற்க வேண்டாம். அவர்கள் படிக்க வந்தவர்கள், நீங்கள் படிப்பிக்கின்றவர்கள். "பிள்ளை, எத்தனை நாள் நிற்பாய்? போகும்போது எனக்கு என்ன விட்டுப் போவாய்?" என்று வாசலிலேயே கேளுங்கள். நல்ல மனதோடு வந்த பிள்ளை அதற்குக் கோபிக்காது. கொப்பியைத் திறந்துகொண்டு உங்கள் அருகில் உட்காரும்.