மனனக் கட்டுரையும் மாணாக்கர் மதியும்

நமது பாடசாலைகளிலே கட்டுரை எழுதக் கற்பிக்கப்படுவதில்லை. கட்டுரை மனனஞ் செய்யவே கற்பிக்கப்படுகின்றது. நாம் மிகைபடக் கூறுகின்றோம் என எண்ணும் ஆசிரிய நண்பர் எவரும் தமது வகுப்பிலே ‘நூலகத்தின் பயன்’ என்னும் தலைப்பைக் கொடுத்து, மாலையிற் கொப்பிகளைத் திரட்டிப் பார்க்கலாம். கொப்பிக்குக் கொப்பி நூலகம் ‘அறிவுக் களஞ்சியமாக’ இருக்கும்; ‘அறியாமை இருளை அகற்றும் ஒளிவிளக்காக’ இருக்கும். முன்னுரை பழமொழியொன்றுடன் தொடங்கும். முடிவுரை ‘எனவே நாமும்’ என்று தொடங்கி, நூலகங்களைப் பேணி நாட்டை உயர்த்துவோமாக என்று முடியும். எந்த நூலகம், எவ்வூரில், எந்நேரந் திறப்பது, அதில் அங்கத்துவம் பெறக் கூடியவர் யார், பெற முடியாது நிற்பவர் யார் என்பது பற்றி இடையிலே ஒரு வரிதானும் இராது.

இக்கட்டுரை எழுதப்படுவது யாழ்ப்பாணத்திலுங்கூட! 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்பார் தமது இல்லத்திலே தொடங்கிய சிறு நூற்சேகரம் வளர்ந்து, 1959இல் தனிக்கட்டிடங் கண்டு, 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூண்ட வன்முறையில், ஜூன் பிறக்கும் இரவிலே, ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரியூட்டப்பட்ட நகரத்திலே பிறந்த பிள்ளை, நூலகம் பற்றிய கட்டுரையில் ஒளிவிளக்கை மட்டுமே காண்கிறது. நெருப்பை அது காணவில்லை. பாட்டன் பாட்டியிடங் கேட்டறியாத பிள்ளையன்று அது. வீட்டிலே கேட்டதைக் கொப்பியில் எழுதலாகாது, எழுதினாற் புள்ளி குறையும் என்று பத்தாண்டுகளாகப் பயிற்றப்பட்ட பிள்ளை. அதன்மேற் குற்றஞ் சுமத்த நாம் ஒருப்படோம்.

பந்தி என்பது யாது? தாளில் ஓரங்குலம் உள்ளே தள்ளித் தொடங்குவதா? பத்து வரி ஆனதும் முடிப்பதா? நமது மாணாக்கர் பெரும்பாலார்க்குப் பந்தி பற்றித் தெரிந்தது இவ்வளவே. ஒரு பந்தி ஒரு கருத்துக்கு எழுத்தாளன் ஏற்கும் பொறுப்பு. ‘இஃது இவ்வாறு’ என்று ஒருவன் சொல்கிறான். சொன்ன கணத்திலே வாசகனுக்குக் கடன்பட்டு விடுகின்றான். ஏன் அவ்வாறு, எங்கே கண்டாய், மாறாகவும் இருக்கலாமே என்று வாசகன் கேட்கக் கூடிய கேள்விகளுக்கு விடையிறுத்துக் கடன் தீர்ந்த இடத்திலே பந்தி முடிகின்றது. மூன்று வரியில் தீருங் கடனும் உண்டு. ஒரு பக்கம் வேண்டுங் கடனும் உண்டு. கடனே படாத வாக்கியங்களை அடுக்கிவிட்டு அதனைப் பந்தி என்பது வாசகனை ஏய்ப்பதாகும். ‘நூலகம் அறிவுக் களஞ்சியம்’ என்பதை மறுக்க உலகில் எவனும் இல்லை. மறுக்க ஆளில்லாத வாக்கியத்தை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. ஆகவேதான் அவ்வாக்கியத்தின் பின்னே பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் அகப்படாமற் போகின்றது. இன்னோர் உவமையைத் தேடி அலைகின்றது.

நோயைக் கண்டு மருந்து கொண்டு வந்தோரும் உளர். விவரணப் பந்தி, எடுத்துரைப்புப் பந்தி, விளக்கப் பந்தி, வாதப் பந்தி எனப் பந்தி வகைகளை அவர் வகுத்துத் தந்தனர். நல்லதே. ஆனால் எமது கல்விமுறையின் வல்லமை யாதெனில், எந்த மருந்தையும் அது மனனத்துக்குரிய மாத்திரையாக்கி விடும். இன்று தனியார் வகுப்புகளில் விற்கப்படுங் குறிப்புகளிலே வகைகளும் வரைவிலக்கணங்களும் இலக்கமிட்டு நிற்கின்றன. வாதப் பந்தியின் இயல்புகள் நான்கினையுங் கூறுக என்றால் மாணவன் தடையின்றிக் கூறுவான். ஒரு வாதத்தை எழுதுக என்றால் பேனையை வைத்துவிட்டு முகட்டைப் பார்ப்பான். நீச்சலின் வகைகளை ஒப்புவிப்பவன் கேணியில் இறங்கினால் என்னாகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பந்தி வகை என்பது வேலையின் வகை. எடுத்த நூலகத்தையே கொள்வோம். வாசிகசாலை மேசையையும், காலையிற் பத்திரிகைக்குக் காத்திருக்கும் முதியவர்களையும், பூட்டியிருக்கும் அலுமாரியையும் வாசகன் கண்முன் நிறுத்துவது ஒரு வேலை. இதற்குக் கண் வேண்டும். எதை முதலிற் காட்டி எதைப் பின் காட்டுவது என்னும் ஒழுங்கு வேண்டும். 1981ஆம் ஆண்டின் அந்த இரவைச் சொல்வது இன்னொரு வேலை. இங்கே ஒழுங்கைக் காலம் தருகின்றது. ஆயினும் எங்கே தொடங்குவது என்பதை எழுதுபவனே துணிய வேண்டும், தீயிலிருந்து தொடங்குபவனும் அதற்கு முந்திய நாட்களிலிருந்து தொடங்குபவனும் ஒரே கதையைச் சொல்வதில்லை. நூல்கள் எவ்வாறு பகுக்கப்பட்டு எண்ணிடப்படுகின்றன என்று விளக்குவது மூன்றாவது வேலை. தோட்டப் பகுதிப் பாடசாலைக்கும் நகரத்துப் பாடசாலைக்கும் ஒரே தரத்து நூலகம் கிடைக்க வேண்டும் என்று நிறுவுவது நான்காவது. இதிலே எதிரி ஒருவன் இருக்கிறான். ‘பணத்துக்கு எங்கே போவது?’ என்று அவன் கேட்பான். அவன் கேள்வியை நேர்மையாக எடுத்துச் சொல்லி, அதற்குப் பின்னரே மறுக்க வேண்டும். இந்நான்கு வேலையையும் ஒருமுறையேனுஞ் செய்த மாணவனுக்கு வகைகளின் பெயர் மறந்து போனாலும் குற்றமில்லை.

‘பந்தியும் அதன் வகையும் ஆங்கிலேயன் சரக்கு, நமது மரபுக்கு இவை வேண்டா’ என்பர் பண்டிதருட் சிலர். இக்கூற்றை நாம் பொறுப்பதற்கில்லை. ஏனெனில் மரபின் பெயரால் மரபையே மறைப்பது இது. சிவஞானபோதத்துச் சூத்திரங்களை மெய்கண்டார் மேற்கோள், ஏது, உதாரணம் எனப் பிரித்து நிறுவிச் செல்லும் முறையைச் சைவ வகுப்பிலே கற்றவர்களல்லரோ இவர்கள்? அச்சித்தாந்தத்தை ஏற்பதும் ஏலாததும் வேறு விடயம். சொன்னதற்குக் காரணமும், காரணத்துக்குச் சான்றும் தரவேண்டும் என்ற ஒழுங்கு தமிழிலே வேரூன்றி நின்றது என்பதே நாம் காட்டுவது. மணிமேகலையின் 29ஆம் காதை பௌத்தரின் அளவை நெறியைத் தமிழ்ச் செய்யுளிலே விரித்துரைக்கின்றது. உரையாசிரியன்மாரோ ‘அற்றேல்’ என்று எதிர்வாதியைத் தாமே எழுப்பி, ‘என்னை?’ என்று தம்மையே வினவி, விடை கண்ட பின்னரே மேற்செல்வர். சேனாவரையரின் உரையிலே ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்து, எது கூற்று, எது தடை, எது விடை என்று கோடிட்டுப் பாருங்கள். வாதப் பந்திக்கு அதனினுஞ் சிறந்த பாடம் எந்த ஆங்கிலக் கைந்நூலிலும் இல்லை. ‘மற்றொன்று விரித்தல்’, ‘சென்று தேய்ந்திறுதல்’ என்று நன்னூல் சுட்டும் நூற்குற்றங்களின் பெயரை மாணாக்கர் ஒப்புவிக்கக் கேட்கிறோம். தமது கொப்பியிலே அக்குற்றம் எந்த வரியில் நிகழ்ந்தது என்று அவர்களுக்கு எவரேனும் காட்டியதுண்டா?

உரைநடைக்கு வந்தாலும் அப்படியே. ஆறுமுக நாவலரின் சாதி பற்றிய நிலைப்பாட்டை நாம் ஏற்பவரல்லேம். அதனை எதிர்ப்பது எமது கடமை. ஆனாற் சிறுவர்க்கெனப் பாலபாடங்களை எழுதியவர், நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்துக்குப் பழக்கியவர், ஒரு பொருளை வரையறுத்துப் படிப்படியாக நடத்திச் செல்லும் வசனத்தை இம்மண்ணில் வழக்காக்கியவர் அவர் என்பதை மறுப்பது அறிவீனம். அவர் காலத்திலேயே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், தமிழாக்குவித்தார். உடலுறுப்பை விவரிப்பவனுக்கு உவமை உதவாது. அஃது எங்கே உளது, எதனோடு பொருந்தியது, என்ன செய்கின்றது என்று சொல்லித்தான் ஆகவேண்டும். அவ்வேலையைச் செய்த தமிழுக்கு இன்று அறிவியற் பந்தி எழுத வராது என்பார் தமிழையும் அறியார்.

இவ்வளவு நாம் வலியுறுத்துவது நடையழகுக்காக அன்று. மலையக மக்களின் வரலாற்றை எழுதுமாறு உயர்தர மாணாக்கரைக் கேட்டால், ‘மலையக மக்கள் நாடற்றோர் ஆயினர்’ என்று எழுதுவர். மழை பெய்தது, இலை உதிர்ந்தது என்பது போல, நாடற்றோர் ஆயினர்! அவ்வாறு ஆக்கியவர் எவர் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்திலே இடமே இல்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோட்டத் தொழிலாளரின் வாக்கு, மலையகத் தொகுதிகள் பலவற்றில் இலங்கை இந்தியக் காங்கிரசை வெற்றிபெறச் செய்தது. வேறு சிலவற்றில் இடதுசாரிகளுக்குத் துணை நின்றது. 1948ஆம் ஆண்டில், சுதந்திரங் கிடைத்த அதே ஆண்டில், டி. எஸ். சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பிரசைகளல்லாதார் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். 1952இன் பாராளுமன்றத்திலே அம்மக்களுக்கெனத் தெரிவான பிரதிநிதி ஒருவரும் இல்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் ஒப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக் கொள்வதற்கு என்று பங்கிட்டனர். பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை எவருங் கேட்கவில்லை.

இவ்வாண்டுகளையெல்லாம் மாணவன் அறிவான். தனித்தனியே ஐந்து வினாக்களுக்கு ஐந்து சரியான விடைகளை எழுதுவான். அவற்றை ஒரு பந்தியிலே கோத்து, முந்தியது பிந்தியதற்கு எவ்வாறு காரணமாயிற்று என்று நிறுவ அவனால் இயலாது. காலத்தாற் பின்வந்தது எல்லாம் காரணத்தாலும் பின்வந்தது ஆகிவிடாது. தேர்தல் முடிவே சட்டத்துக்குக் காரணம் என்று சொல்பவன் அதற்குத் தனியே சான்று காட்டியாக வேண்டும். இந்த எச்சரிக்கையையும் அவனுக்கு எவருங் கற்பித்ததில்லை. எனவே லயத்திலே பிறந்த பிள்ளை தனது பாட்டனுக்கு நேர்ந்ததை விதி என்கிறது. செயலுக்குக் கருத்தாவைச் சொல்லாத வாக்கியமும், காரணத்தைக் கோக்காத பந்தியும் ஆள்வோர்க்கு எவ்வளவு வசதியானவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. படிப்படியாகத் தாய்மொழி போதனாமொழியாகி, 1960களிலே பல்கலைக்கழகக் கலைத்துறை வரை எட்டியது. ஏழையின் பிள்ளை பட்டதாரியாகும் வழி அதனாற் பிறந்தது. அவ்வழியை ஒருபோதும் விரும்பாத கூட்டத்தார் இன்றும் இருக்கின்றனர். ‘தமிழ்மொழி மூலங் கற்றோர்க்குச் சிந்திக்க வராது, குறிப்பை ஒப்புவிக்கத்தான் வரும்’ என்று அவர்கள் ஏளனஞ் செய்யும்போது நாம் சினங் கொள்கின்றோம், கொள்ளவும் வேண்டும். ஆனால் பணம் படைத்தோர் சர்வதேசப் பாடசாலைகளிலே தம் பிள்ளைகளுக்கு வாதிக்கும் முறையை ஆங்கிலத்திற் பயிற்றுவிக்க, நாம் நம் பிள்ளைகளுக்கு மாதிரிக் கட்டுரைத் திரட்டை வாங்கிக் கொடுத்தால், அந்த ஏளனத்துக்குச் சான்று தேடிக் கொடுப்பவர் யார்? மொழியின்மேற் குற்றமில்லை. கைலாசபதியும் சிவத்தம்பியும் தமிழிலே எழுதிய ஆய்வுகளோடு உடன்படலாம், மாறுபடலாம். எந்தப் பந்தியில் எந்தச் சான்றோடு மாறுபடுகிறோம் என்று விரல் வைத்துக் காட்டும்படியாக அவர்கள் எழுதினார்கள்.

அவர்கள் வழி வந்தோம் என்று சொல்லிக் கொள்ளும் முற்போக்கு இளைஞர் சிலரின் எழுத்தையும் இங்கு விட்டுவிட முடியாது. ஒளிவிளக்கு இருந்த இடத்திலே ‘வர்க்க முரண்பாடு’ என்று எழுதிவிட்டால் கட்டுரை விஞ்ஞானமாகி விடாது. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எவ்வளவு கூலி என்று சொல்லாத புரட்சிப் பந்தியும் மனனப் பந்தியே. ‘எனவே நாமும்’ என்பதற்குப் பதில் ‘ஆகவே தோழர்களே’ என்று அது முடிகின்றது, வேற்றுமை அவ்வளவுதான்.

ஆசிரிய நண்பர்கள் எம்மை நோக்கிக் கேட்கும் வினா ஒன்றுண்டு. ‘நாற்பது பிள்ளைகள்; கிழமைக்கு இத்தனை பாடவேளை; பரீட்சைக்கு முன் இத்தனை தலைப்புகள். இவற்றை முடித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாதம் பழக்க எமக்கேது நேரம்?’ நியாயமான வினா. வகுப்பின் அளவையும் வினாத்தாளின் அமைப்பையும் மாற்றுமாறு கேட்பது ஆசிரியர் சங்கங்களின் வேலைத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். சம்பளக் கோரிக்கையினின்று அதனைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆயினும் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டியதில்லை. தவணைக்குப் பத்துக் கட்டுரை எழுதுவித்து, பத்திலும் எழுத்துப் பிழைக்கு மட்டுஞ் சிவப்பு மையாற் சுழித்துக் கொடுப்பதினும், மூன்றே எழுதுவித்து, ஒவ்வொன்றையும் இருமுறை எழுதுவிப்பது சுமை குறைந்த வேலை. முதன்முறை எழுதியதிலே ஆசிரியர் திருத்தம் ஒன்றுஞ் செய்யாது, ஓரத்திலே இரண்டு வினாக்களை மட்டும் எழுதட்டும்: ‘யார்?’ ‘எவ்வாறு தெரியும்?’ இரண்டாம்முறை எழுதுகையில் அவ்வினாக்களுக்கு விடை பந்திக்குள்ளே வரவேண்டும். தலைப்பும் பிள்ளை நடந்து வரும் வழியிலேயே இருக்கட்டும்: ஊர்க் கிணறு, பேருந்து வராத வீதி, தாயின் கைக்கு வந்த சம்பளச் சீட்டு. அச்சீட்டிலே எத்தனை கழிவுகள், ஒவ்வொன்றும் எதற்கு, எவர் தீர்மானித்தது என்று விளக்க ஒரு பந்தி. அவற்றுள் ஒன்று தகாது என்று நிறுவ இன்னொன்று. இத்தலைப்புக்கு எந்தக் கடையிலும் மாதிரிக் கட்டுரை விற்பனைக்கு இல்லை.