பத்திரத்தில் எழுத ஒரு தாய்

பாலிங்கிலும் கோலக்கெட்டிலிலும் படிக்கும் உங்களுக்குப் பிறப்புப் பத்திரத்தின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாம் ஆண்டில் சேரவும் 12 வயதில் அடையாள அட்டை எடுக்கவும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். தோட்டப்புறங்களில் உறவுக்காரப் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்த்துவிட்டு, முறையாகப் பதியாததால் பிறகு அலைந்த குடும்பங்கள் உண்டு. பாசத்தில் குறையில்லை, தாள்தான் இல்லை.

அதே சிக்கலை இன்று அறிவியல் வேறு வழியில் கொண்டுவந்திருக்கிறது. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். உடலுக்கு வெளியே கருவுற்றுப் பிறந்த முதல் குழந்தை அவர். ஆய்வுக்கூடத்தில் உருவான கருவை எந்தப் பெண்ணின் கருப்பையிலும் வைக்கலாம் என்ற வழி அப்போதே திறந்துவிட்டது.

சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலை 25இல், இந்தியாவின் குஜராத் மாநிலத்து ஆனந்த் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மஞ்சி வழக்கு என்று பின்னாளில் பேசப்பட்டது இதுதான். ஜப்பானியத் தம்பதியர் பணம் கொடுத்துச் செய்துகொண்ட ஏற்பாடு. கருமுட்டை ஒருவருடையது, சுமந்தவர் இன்னொருவர். குழந்தை பிறப்பதற்கு முன்பே தம்பதியர் மணவிலக்குப் பெற்றனர். மனைவி குழந்தையை ஏற்கவில்லை. சுமந்தவரின் ஒப்பந்தம் பிரசவத்தோடு முடிந்தது. மூன்று பெண்கள் இருந்தும் பத்திரத்தில் எழுத ஒரு தாய் இல்லை! தந்தை வேண்டும் என்றார். ஆனால் தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இந்தியச் சட்டம் இடம் தரவில்லை. ஜப்பானோ பெற்றெடுத்தவரையே தாயாகக் கருதியது. பாட்டி வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நவம்பரில்தான் குழந்தை ஜப்பான் போய்ச் சேர்ந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத ஒரே ஆள் அந்தக் குழந்தை. தவித்ததும் அதுதான்.

‘வாடகைத் தாய்’ என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. கருப்பை காலி வீடு அல்ல. மரபணு கருமுட்டையிலிருந்தும் விந்தணுவிலிருந்தும் வருவது உண்மைதான். ஆனால் உயிர்வளி, உணவு, நோய் எதிர்ப்புப் பொருள் எல்லாம் சுமப்பவரின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகவே குழந்தைக்குப் போகின்றன. குழந்தையின் உயிரணுக்கள் சில, பிரசவம் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அவர் உடலில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்தியா 2021இல் சட்டம் இயற்றி, பணத்துக்காகச் சுமப்பதைத் தடை செய்தது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்புறுதியும் மட்டுமே தரலாம். ஏழைப் பெண்களைக் காக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் மருத்துவருக்குக் கட்டணம் உண்டு, வழக்கறிஞருக்கும் உண்டு. பத்து மாதம் சுமப்பவருக்கு மட்டும் இல்லையா?

மலேசியாவில் முஸ்லிம்களுக்கு இம்முறை கூடாது என்று தேசிய ஃபத்வா குழு 2008இலேயே முடிவு செய்தது. மற்றவர்களுக்கு இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. என்னைக் கேட்டால், பெற்றோர் பிரிந்தாலும் இறந்தாலும் பிள்ளை யாருடைய பொறுப்பு என்பதை நீதிமன்றத்தில் பதிந்த பிறகே மருத்துவர் கருவை உருவாக்க வேண்டும்.